முதல் நாளுக்கு இத்தனை அதிகாரம் எதற்கு?

“வருஷப் பொறப்பும் அதுவுமா அழாதே.” “இன்னைக்குத் திட்டு வாங்கினா வருஷம் பூரா வாங்குவே.” “முதல் தேதியே வீட்டுக் காசு வெளியே போகக் கூடாது.” இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. ஆண்டின் முதல் நாள் எப்படியோ அப்படியேதான் ஆண்டு முழுவதும் என்பது நம் ஊரின் பொது நம்பிக்கை. இதில் ஆத்திகர், நாத்திகர் பேதமில்லை. ராகுகாலத்தைக் கேலி செய்கிறவர் ஜனவரி 1 காலையில் புது ஷூ மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிறார். ராசிபலன் பக்கத்தைப் புரட்டாதவர் அன்றைக்குப் பார்த்துப் புது டைரியில் முதல் பக்கத்தை எழுதுகிறார்.

பழைய தலைமுறையிடம் இது தடைகளாக இருந்தது: அழாதே, சண்டை போடாதே, கடன் கொடுக்காதே. புதிய தலைமுறையிடம் கட்டளைகளாக மாறியிருக்கிறது: ஐந்து மணிக்கு எழு, ஜிம்மில் சேர், சர்க்கரையை விடு, தினம் பத்துப் பக்கம் படி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மற்ற 364 நாட்களின் தலையெழுத்தை முதல் நாள் எழுதிவிடுகிறது என்ற எண்ணம். வியாபாரிகளுக்கு இது நல்ல வசதி. நகைக்கடை அன்றைக்கே ஒரு குண்டுமணி தங்கமாவது வாங்கச் சொல்கிறது. ஜிம்காரர் ஓராண்டுச் சந்தாவைச் சலுகை விலையில் நீட்டுகிறார். தொலைக்காட்சி ஜோதிடர் பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு மாதத்துப் பலனைக் காலைக் காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிறார்.

வெறும் பொய் நம்பிக்கை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இது ஆளைப் பதற வைக்கிறது. துக்கத்தில் இருப்பவரை மேலும் குத்துகிறது. கூட்டம் சேரும் இடங்களில் உயிரையும் எடுத்திருக்கிறது. ஆண்டைத் தொடங்கப் பரபரப்பு வேண்டாம், நிதானம் போதும் என்பதற்குச் சாட்சி தேடி வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில், ஆந்திர எல்லையை ஒட்டி, ஒரு மலையே சாட்சியாக நிற்கிறது.

துரைகளுக்கெல்லாம் துரை

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். நாளுக்கு ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று அங்கே நடப்பது திருப்புகழ்த் திருப்படித் திருவிழா. அடிவாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, ஒரு திருப்புகழைப் பாடிவிட்டு அடுத்த படியில் கால் வைப்பார்கள் பஜனைக் குழுவினர்.

இதைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். துறவுக்கு முன்பு அர்த்தநாரி என்ற பெயரில் மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். தீராத வயிற்று நோயோடு பழநிக்குப் போய், அங்கே திருப்புகழில் ஈடுபட்டு, பிறகு அதையே மந்திரமாக எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். 1917 முடிந்து 1918 பிறந்த வேளையில் அவர் தணிகை மலையில் முதல் படி விழாவை நடத்தினார். அதற்கு அடியார்கள் சொல்லும் காரணம் இது. அந்தக் காலத்தில் ஜனவரி 1 என்றால் துரையைப் பார்க்கும் நாள். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் மாலையும் எலுமிச்சம்பழமும் பழத்தட்டுமாக வெள்ளைக்கார அதிகாரியின் பங்களா வாசலில் காத்து நிற்பார்கள். முதல் நாள் துரை முகம் மலர்ந்துவிட்டால் வருஷம் முழுக்கப் பிழைப்பு ஓடும் என்ற நினைப்பு. அவர்களைப் பார்த்துத்தான் சுவாமிகள், துரைகளுக்கெல்லாம் துரை தணிகையில் இருக்கிறான், அவனைப் போய்ப் பாருங்கள் என்று திருப்பிவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தேசபக்தி, தெய்வபக்தி என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஜனவரி 1 நமக்கு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தேதியை அப்படியே விட்டார், வேகத்தைக் குறைத்தார். சாதாரண நாளில் திடமான ஆள் இந்தப் படிகளை அரை மணிக்குள் ஏறிவிடலாம். படிக்கு ஒரு பாட்டு என்று நின்று பாடினால், பாட்டுக்கு இரண்டே நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், 365 படிக்கும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரை மணி வேலையைப் பன்னிரண்டு மணி நேரமாக்குவதுதான் இந்த விழாவின் சாரமே.

ஒரே ஒரு படியைக் கவனித்தால் போதும். முந்தைய குழு வைத்த குங்குமம் தண்ணீர் பட்டுக் கரைந்திருக்கும். ஒரு அம்மாள் குனிந்து அதைத் துடைத்துவிட்டு, குழைத்த மஞ்சளை விரல்களால் படியின் முகப்பில் இழுப்பார். பொட்டு ஒன்று கோணலாக விழுந்தால் அழித்துவிட்டுத் திரும்ப வைப்பார். ஜால்ரா தாளம் பிடித்ததும் பாட்டு எழும். பாட்டு முடிந்து கற்பூரம் அணையும்வரை யாரும் மேலே எத்தனை படி பாக்கி என்று பார்ப்பதில்லை. அவசரக்காரர்கள் ஓரமாக ஒதுங்கி ஏறிப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களைப் பார்த்து இவர்கள் பொறாமைப்பட்டதாகத் தெரியவில்லை.

அதே இரவில் அதே மலைக்கு இன்னொரு கூட்டமும் வருகிறது. சரியாக 12 மணி அடிக்கும்போது சந்நிதியில் நின்றாக வேண்டும் என்று வரும் கூட்டம். பின்னாலிருந்து தள்ளு, முன்னாலிருந்து முறைப்பு, தலைக்கு மேல் செல்போன். இவர்களுடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை. அந்த 12 மணிக்கு ஆதாரம் என்ன என்றுதான் கேட்கிறேன். நம் பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். அந்தக் கணக்குப்படி நள்ளிரவு 12 மணிக்கு முந்தின நாளே முடிந்தபாடில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சூரனோடும் வேடரோடும் போர் முடித்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் இது என்பது தலவரலாறு. அதனால்தான் கந்தசஷ்டிக்கு மற்ற தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது திருத்தணியில் அது கிடையாது. சாமிக்குப் பூவால் அர்ச்சனை செய்து முடிக்கிறார்கள். சண்டையே வேண்டாம் என்று வைத்திருக்கும் கோவிலில், முதல் நொடித் தரிசனத்துக்காக முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்கிறோம்.

எந்த முதல் நாள்?

முதல் நாளுக்கு அப்படி ஒரு சக்தி உண்டென்றே வைத்துக்கொள்வோம். எந்த முதல் நாளுக்கு?

திருத்தணியில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போய், ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர். அந்தக் குடும்பத்துக்கு ஜனவரி 1 ஒரு புத்தாண்டு. பக்கத்து வீட்டிலிருந்து பச்சடி வரும் உகாதி இன்னொன்று. சித்திரை 1 மற்றொன்று. கடை வைத்திருந்தால் கணக்குக்கு ஏப்ரல் 1. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன். நிலம் இருந்தால் வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூலை 1இல் பிறக்கும். இதில் எந்த நாளில் அழுதால் வருஷம் முழுக்க அழ வேண்டும்?

அரசாங்கமே இதில் தடுமாறியிருக்கிறது. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் சட்டம் வந்தது. 2011இல் அந்தச் சட்டம் ரத்தாகிச் சித்திரைக்கே திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் சித்திரை 1 தன் சக்தியைத் தையிடம் கொடுத்துவிட்டு, பிறகு திரும்ப வாங்கிக்கொண்டதா?

ஜனவரி 1இன் ஜாதகமும் அப்படித்தான். இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கால் பதித்தது 1639இல். ஆக, கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரர்களே முதல் நூறு வருஷத்துக்கு மேல் மார்ச் கடைசியில்தான் ஆண்டைத் தொடங்கினார்கள். பிறகு அவர்கள் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு நாளை மாற்றியது. சட்டத்தால் நகர்த்தக்கூடிய ஒரு தேதிக்கு நம் விதியை எழுதும் அதிகாரத்தை யார் கொடுத்தது?

லீப் ஆண்டையும் கொஞ்சம் யோசிக்கலாம். அந்த ஆண்டுக்கு 366 நாள். தணிகையில் படி 365தான். படியில்லாத அந்த ஒரு நாள் மட்டும் யாருக்கும் கெட்டுப்போனதாக இதுவரை புகார் வந்ததில்லை.

மார்கழியில் எதைத் தொடங்குவோம்?

இதைவிட வேடிக்கையான முரண்பாடு ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஜனவரி 1 விழுவது மார்கழி நடுவில். மார்கழியில் நாம் பெண் பார்க்கப் போவதில்லை, கல்யாணம் வைப்பதில்லை, புது வீடு புகுவதில்லை, கடை திறப்பதில்லை. எதுவாக இருந்தாலும் தை பிறக்கட்டும் என்று தள்ளிவைக்கிறோம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று பழமொழியே வைத்திருக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் மார்கழி நடுவில் வரும் ஒரு நாளில் மட்டும் பத்து வேலையைப் புதிதாகத் தொடங்கி, பத்தும் அன்றைக்கே ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்தச் சாஸ்திரத்தில் சேர்த்தி?

மார்கழியை நம் முன்னோர் எதற்கு வைத்தார்கள் என்று பார்த்தால் வழி தெரியும். விடியலில் எழுவது, கோலம் போடுவது, பாடுவது, தெருவில் பஜனை போவது. கடைசி நாளான போகியன்று பழையதைக் கழித்துக் கட்டுவது. அதற்குப் பிறகுதான் பொங்கல், தொடக்கம் எல்லாம். ஜனவரி 1க்கும் தை 1க்கும் நடுவில் இரண்டு வாரம் இருக்கிறது. போன வருஷத்தை அசை போடவும், வரும் வருஷத்துக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவும் இதைவிட நல்ல இடைவெளியை எந்த நாட்காட்டியும் தராது. அதை முதல் நாளிலேயே செலவழித்துவிட்டு இரண்டாம் தேதி அலுவலகத்தில் உட்கார்ந்து அலுத்துக்கொள்கிறோம்.

முதல் நாள் முழுக்க இனிப்பாகவே இருக்க வேண்டும் என்பதும் நம் பழக்கம் அல்ல. சித்திரை 1 அன்று மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தோடு வேப்பம்பூவையும் போடுகிறோம். உகாதிப் பச்சடியில் ஆறு சுவையும் கலக்கிறார்கள் தெலுங்குக்காரர்கள். முதல் நாள் நாக்கில் பட்ட கசப்பு வருஷம் முழுக்கக் கசக்கும் என்று நம் பாட்டிகள் நம்பியிருந்தால் அந்த வேப்பம்பூவை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

தீர்மானக்காரர்களுக்கு

“சகுனத்தை விடுங்கள். முதல் நாள் உற்சாகத்தில்தான் ஒரு நல்ல பழக்கம் தொடங்குகிறது. அதைக் கெடுப்பானேன்?” என்று ஒரு தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள், பருவத் தொடக்கம் போன்ற நாட்களில் மனிதர்கள் புதிதாக ஒன்றைத் தொடங்க முனைகிறார்கள் என்று ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014இல் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். திங்கட்கிழமையும் அதில் இருக்கிறது. வருஷத்துக்கு 52 முறை வரும் வாய்ப்பு அது. ஜனவரி 1ஐத் தவறவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

தொடங்கியதன் கதி என்ன ஆகிறது என்பதையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 1980களில் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த சுமார் 200 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார். முதல் வாரத்தைத் தாண்டியவர்கள் 77 சதவீதம். இரண்டு ஆண்டுகள் கழித்தும் கடைப்பிடித்தவர்கள் 19 சதவீதம். முதல் நாள் எல்லாருக்கும் நன்றாகத்தான் போயிருக்கும். அந்த நல்ல முதல் நாள் அவர்களில் பெரும்பாலோரைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுகிறது. ஜனவரி 1இல் தொடங்கினால் 66ஆம் நாள் மார்ச் 7. 254ஆம் நாள் செப்டம்பர் 11. அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி இதைவிட முக்கியம்: நடுவில் ஒரு நாள் தவறிப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. நம் நம்பிக்கை இதற்கு நேர் எதிரானது. முதல் நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்கிறது அது. அதனால்தான் மூன்றாம் தேதி நடைப்பயிற்சியை விட்டவர் நான்காம் தேதியும் போவதில்லை. “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று 361 நாளைத் தூக்கி எறிகிறார்.

தணிகைப் படியில் முதல் இருபது படியை ஓடி ஏறும் இளவட்டங்களை எல்லாரும் பார்த்திருக்கலாம். பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதும் அவர்களேதான்.

திருப்புகழ் நம் கைக்கு வந்த வழியும் இந்த விஷயத்தில் ஒரு பாடம். அருணகிரிநாதரின் பாடல்கள் ஓலைகளில் சிதறிக் கிடந்தன. நீதிமன்றப் பணியில் இருந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை 1871இல் அவற்றைத் தேடத் தொடங்கினார். முதல் தொகுதி அச்சேறியது 1890களில். அதற்கு மேலும் தேடினார்கள். அவர் மகன் தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை அதை எடுத்து ஆராய்ந்து, உரை எழுதி, தன் ஆயுளின் பெரும் பகுதியை அதற்கே கொடுத்தார். இரண்டு தலைமுறை உழைப்பு. சுப்பிரமணிய பிள்ளை எந்த நாளில் தொடங்கினார், அன்றைக்கு அவர் மனநிலை எப்படி இருந்தது என்று இன்று யாராவது கேட்கிறோமா? அவர் விடவில்லை என்பதுதான் இன்று நமக்குப் பாட்டாக நிற்கிறது. வடக்கெல்லைப் போராட்டமும் அப்படித்தான். அதற்கு முன்னோடியாக மங்கலங்கிழார் அந்த எல்லைக் கிராமங்களில் ஊர் ஊராகப் போய்த் தமிழ் கற்பித்தார். வகுப்பு வகுப்பாக நடந்த வேலை அது.

அவசரம் எடுத்த உயிர்கள்

முதல் நொடி, முதல் தரிசனம், முதல் டோக்கன் என்ற வெறிக்கு விலை உண்டு. 2022 ஜனவரி 1 விடிவதற்கு முன், புத்தாண்டுத் தரிசனத்துக்காக ஜம்முவில் வைஷ்ணோ தேவி கோவிலில் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 12 பேர் இறந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருத்தணிக்குப் பக்கத்துத் திருப்பதியில் 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்கு நின்ற கூட்டத்தில் 6 பேர் உயிர் விட்டார்கள். அந்த வாசல் திறந்திருக்கப்போவது பத்து நாள். எல்லாரும் முண்டியடித்தது முதல் மூன்று நாள் டோக்கனுக்கு. நிர்வாகத்தின் தவறு இருக்கலாம். அதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். ஆனால் பத்தாம் நாள் போனால் பலன் குறைந்துவிடும் என்று நம்மிடம் யார் சொன்னது? அந்த எண்ணத்தை விசாரிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

சென்னையிலும் ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் போலீசார் மேம்பாலங்களை மூடுகிறார்கள், கடலில் இறங்கத் தடை போடுகிறார்கள். ஒரு ஊரே ஆண்டை வரவேற்கும் இரவில் பாலத்தைப் பூட்டித்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்றால், அந்த வரவேற்பில் எங்கோ கோளாறு இருக்கிறது.

“நம்பிக்கைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?”

நஷ்டம் நிறைய இருக்கிறது. முதலில், முதல் நாள் குறையில்லாமல் நடக்க வேண்டும் என்றால் அந்தக் குறையில்லாமைக்கு உழைப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். நள்ளிரவு வரை விழித்திருந்து கோலம் போட்டு, நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகம் காட்டி, முணுமுணுக்கக்கூட உரிமையில்லாமல் நாளைக் கடத்துகிறார்கள். மற்றவர்களின் நல்ல சகுனத்துக்காக அவர்களுடைய ஆண்டு அலுப்பில் தொடங்குகிறது.

இரண்டாவது, இந்த நம்பிக்கை துக்கத்தில் இருப்பவரிடம் மிகக் கொடூரமாகப் பேசுகிறது. ஜனவரி 1 காலையில் அரசு மருத்துவமனை வாசலில் பிளாஸ்க்கும் போர்வையுமாக நிற்பவரிடம், உனக்கு இந்த வருஷம் முழுக்க இப்படித்தான் என்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆறு நாள் கழித்து ஜனவரி 1 பிறந்தபோது அந்தக் கரையோரக் குடும்பங்கள் நிவாரண முகாம்களில் இருந்தன. முதல் நாள் அழுதால் வருஷம் முழுக்க அழுகை என்ற வாக்கியத்தை அந்த முகாமில் உரக்கச் சொல்ல யாருக்காவது துணிவு இருந்திருக்குமா? எந்த இடத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாதோ, அந்த இடத்தில் ஒரு நம்பிக்கையின் தரம் தெரிந்துவிடும். அந்த மக்கள் அழுதார்கள். பிறகு படகைப் பழுது பார்த்து அதே கடலுக்கே போனார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2020 ஜனவரி 1ஐ நாம் எத்தனை கோலாகலமாகத் தொடங்கினோம்! வாண வேடிக்கை, கேக், ஆயிரம் திட்டம். மார்ச் 25இல் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. நல்ல முதல் நாள் ஒன்றையும் காப்பாற்றவில்லை.

இன்னொரு ஆட்சேபமும் வரும். நிதானமாகத் தொடங்குவதெல்லாம் மாதச் சம்பளக்காரர்களின் சொகுசு, அன்றாடங்காய்ச்சிக்கு அதற்கு ஏது நேரம் என்பார்கள். நிலைமை இதற்குத் தலைகீழ். திருத்தணியைச் சுற்றிப் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போனால் தறி ஓசை கேட்கும். டிசம்பர் 31 மாலை பாதி நெய்த பாவு தறியில் நிற்கும். ஜனவரி 1 காலையில் நெசவாளர் அந்தப் பாவை அறுத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதில்லை. விட்ட இழையிலிருந்து தொடர்கிறார். அடிவாரத்தில் பூ கட்டுகிறவரும் அப்படித்தான், ஆட்டோ ஓட்டுகிறவரும் அப்படித்தான். அவர்களுக்கு ஆண்டு என்பது நேற்றின் தொடர்ச்சி. வாழ்க்கையை ஒரே நாளில் புரட்டிப் போடுவேன் என்று கிளம்பும் சொகுசு வசதி உள்ளவர்களுடையது. நிதானம் ஏழைகளுக்குத் தெரியும். தெரியாமல் போனது நமக்குத்தான்.

ஆகவே

வரும் ஜனவரி 1 அன்று எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். கோவிலுக்குப் போக வேண்டுமா, கூட்டம் வடிந்தபின் போங்கள். வீட்டில் அன்று ஒரு வேளைச் சமையலையாவது ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். போன ஆண்டு யார் உதவினார்கள், யாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம், எந்தக் கடன் பாக்கி என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த இரண்டு வாரம் அந்தத் தாளோடு இருங்கள். தை பிறந்த பிறகு ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேண்டாம். தவறிய நாளை எண்ணாதீர்கள், மறுநாள் தொடருங்கள்.

கோவில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நள்ளிரவு 12 மணிச் சிறப்புத் தரிசனம் என்று விளம்பரம் செய்து கூட்டத்தை ஒரே நிமிடத்துக்குள் திணிக்காதீர்கள். முதல் வாரம் முழுவதும் எந்த நேரம் வந்தாலும் பலன் ஒன்றே என்று அறிவியுங்கள். அதை நீங்கள் சொன்னால்தான் மக்கள் நம்புவார்கள். திருத்தணியில் படி விழாவை நடத்தும் பஜனைக் குழுக்களுக்கு வேண்டிய இடமும் நேரமும் கொடுங்கள். வள்ளிமலை சுவாமிகள் கொடுத்துவிட்டுப் போனது அதுதான். நள்ளிரவுத் தள்ளுமுள்ளு நாமாகச் சேர்த்துக்கொண்டது.

டிசம்பர் 31 அன்று தணிகைக்கு வர முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். கூட்டமில்லாத ஒரு சாதாரண வாரநாளில், மாசியிலோ ஐப்பசியிலோ வாருங்கள். அன்றைக்கும் படிகள் 365தான்.